ரோபோ புராஜெக்டுக்கு எந்த சிமுலேட்டர், எந்த மென்பொருள்? கடலோர மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கத்துப் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்டுகளுக்குச் சில வருடங்களாகக் கூடமாட உதவி செய்துவருகிறேன். தலைப்பு முடிவான மறுநாளே போன் வரும்: "அண்ணே, எந்த சாப்ட்வேர் போடுறது?" ரோபோவை நிஜத்தில் இறக்கும் முன் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதுதான் சிமுலேஷன், அதைச் செய்யும் மென்பொருள் சிமுலேட்டர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நம் பிள்ளைகள் செய்வதில் பாதி, கடலில் மிதக்கும் அல்லது மூழ்கும் ரோபோ. ஆகவே அந்தப் பக்கம் கொஞ்சம் விரிவாகவே இருக்கும்.

எதிலிருந்து தேர்வைத் தொடங்குவது?

மென்பொருளின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, "இந்த சிமுலேஷன் எனக்கு எதைச் சொல்ல வேண்டும்?" என்று ஒரே வரியில் எழுதுங்கள். அந்த வரி எழுத வரவில்லை என்றால் இன்னும் எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம்.

ஒருமுறை மண்டபத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். கடற்பாசி வளர்க்கிற மூங்கில் மிதவைகளைச் சுற்றிவந்து தண்ணீரின் வெப்பத்தை அளக்கும் சிறு படகு அவர்களுடைய புராஜெக்ட். மூன்று வாரமாகப் படகின் 3டி மாடலைச் செதுக்கியிருந்தார்கள். 12 அடிக்கு 12 அடி மிதவைகளை மூங்கில் கணு தெரிகிற அளவுக்கு அழகாக வரைந்திருந்தார்கள். "இதை ஓட்டிப் பார்த்து என்ன தெரிஞ்சுக்கப் போறீங்க?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பையன், "நீரோட்டத்துல பேட்டரி தாங்குமான்னு தெரியணும்ண்ணே" என்றான். அதுதான் கேள்வி! அதற்கு மூங்கில் கணு வேண்டாம். படகு, டிரோன்களைத் தானாக ஓட்டும் ஆர்டுபைலட் என்ற மென்பொருளில் ஒரு மதியத்தில் விடை கிடைத்துவிட்டது.

கேள்வி மாறினால் கருவியும் மாறும். சர்க்யூட்டும் ஆர்டுயினோ போர்டுக்கு எழுதிய கோடும் சரியா என்று மட்டும் பார்க்க டிங்கர்கேட் அல்லது வோக்வி போதும். இரண்டும் பிரவுசரிலேயே ஓடும். ஈஎஸ்பி32 போர்டு வைத்திருப்பவர்களுக்கு வோக்வி பொருத்தம். தடையைக் கண்டு ஒதுங்கி வழி கண்டுபிடிக்கும் வண்டி என்றால் வெபாட்ஸ் அல்லது கெஸீபோ என்ற சிமுலேட்டர். படகு, டிரோன் தானாகப் பாதை பிடித்துப் போக வேண்டுமென்றால் ஆர்டுபைலட்.

ராஸ், கெஸீபோ, ஆர்விஸ் எல்லாம் ஒன்றா?

இல்லை. ராஸ் சிமுலேட்டரே அல்ல. ரோபோவின் உறுப்புகளுக்கான நிரல்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் அமைப்பு அது. லேசர் சென்சாரின் நிரல் தூரத்தைச் சொல்லும், வழிகாட்டும் நிரல் அதைக் கேட்டு முடிவெடுக்கும், மோட்டார் நிரல் அந்த முடிவைக் கேட்டுச் சுழலும். கெஸீபோதான் சிமுலேட்டர். எடை, உராய்வு, மோதல் எல்லாவற்றையும் கணக்கிட்டு ஒரு பொய் உலகத்தை நடத்துகிறது. ஆர்விஸ் வெறும் கண்ணாடி. ரோபோ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை அதில் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆர்விஸில் ரோபோ சுவரைத் துளைத்துக்கொண்டு போனால் பதற வேண்டாம். அங்கே இயற்பியல் கிடையாது.

யூடியூபில் சொன்னபடியே செய்தேன். இன்ஸ்டால் ஆகவில்லை. ஏன்?

தொண்ணூறு பேரில் எண்பது பேருக்கு இதுதான் சிக்கல். காரணம், பழைய வீடியோ.

ராஸ் 1 வரிசையின் கடைசிப் பதிப்பு நொயெட்டிக். 2020இல் வந்தது, 2025 மே மாதத்தோடு அதற்கான ஆதரவு முடிந்தது. கெஸீபோ கிளாசிக் என்கிற பழைய கெஸீபோவும் 2025 ஜனவரியோடு முடிந்தது. புதிய கெஸீபோவைச் சில வருடம் இக்னிஷன் என்று அழைத்தார்கள். 2022இல் பெயரை மறுபடியும் கெஸீபோ என்றே மாற்றிவிட்டார்கள். ஆக, கெஸீபோ என்று தேடினால் இரண்டு வேறு மென்பொருள்களின் பாடங்கள் கலந்து வரும். இக்னிஷன் என்று எழுதியிருப்பதுதான் இன்றைய கெஸீபோவின் முந்தைய பெயர்.

புதிதாகத் தொடங்குபவர்கள் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) 24.04, ராஸ் 2 ஜாஸி, கெஸீபோ ஹார்மோனிக் என்று மூன்றையும் ஒரு செட்டாக எடுங்கள். ஜாஸிக்கு 2029 மே வரை ஆதரவு உண்டு. கல்லூரிக் கணினியில் உபுண்டு 22.04 இருந்தால் ராஸ் 2 ஹம்பிள், கெஸீபோ ஃபோர்ட்ரெஸ். ஹம்பிளுக்கு 2027 மே வரை ஆதரவு. உபுண்டு ஒரு பதிப்பு, ராஸ் வேறு ஜோடி என்று கலக்காதீர்கள். வீடியோவைப் பார்க்கும் முன் அதில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பெயர் சொல்லாத வீடியோவை மூடிவிடுங்கள்.

என்னிடம் இருப்பது 8 ஜிபி ரேம் லேப்டாப். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. என்ன செய்ய?

இதற்காக யாரும் கடன் வாங்க வேண்டாம். வெபாட்ஸ் போடுங்கள். 1996இல் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்து, 2018 டிசம்பரில் திறந்த மூல மென்பொருளானது, அதாவது யாரும் அதன் நிரலைப் பார்த்துத் திருத்தலாம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பைத்தான், சி, ஜாவா எதிலும் எழுதலாம். ரோபோ மாதிரிகளும் உலகங்களும் கூடவே வருகின்றன. நடந்தபடியே தண்ணீரில் இறங்கி நீந்தும் ஒரு சாலமாண்டர் ரோபோகூட அதில் இருக்கிறது. தண்ணீரின் மிதப்பு விசையை வெபாட்ஸ் கணக்கிடும் என்பதற்கு அதுவே சாட்சி. முதல் நாளே ஏதோ ஒன்று திரையில் நகரும். தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த நகர்வு எவ்வளவு பெரிய தெம்பு என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கொப்பீலியாசிம் என்ற சிமுலேட்டரும் நல்லதுதான். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கல்விப் பதிப்பு இலவசம். ரோபோ கை செய்பவர்களுக்கு ரொம்ப வசதி.

கெஸீபோதான் வேண்டும் என்றால் திரையின் கீழே ஒரு சதவீதம் தெரியும், அதைக் கவனியுங்கள். அது 100 என்றால் சிமுலேட்டரின் ஒரு நொடி நிஜத்தில் ஒரு நொடி. 30 என்றால் ஒரு நொடிக்கு மூன்று நொடிக்கு மேல் பிடிக்கிறது. அது தப்பில்லை, மெதுவாக ஓடினாலும் கணக்கு சரிதான். ஆனால் உங்கள் ராஸ் நிரல்களும் சிமுலேட்டரின் கடிகாரத்தையே பார்க்க வேண்டும். அதற்கென்று 'யூஸ் சிம் டைம்' என்ற அமைப்பு இருக்கிறது. அதை மறந்தால் ரோபோவின் மூளை ஒரு கடிகாரத்திலும் உடம்பு இன்னொன்றிலும் ஓடும். வண்டி குடித்தவன்போல வளைந்து வளைந்து போகும். மோட்டார் கணக்கைத் திருத்தித் திருத்தி ஒரு வாரம் வீணாக்கியவர்கள் உண்டு.

இன்னொரு வழி, படம் காட்டாமல் கெஸீபோவின் கணக்குப் பகுதியை மட்டும் ஓட்டுவது. பாரம் பாதியாகக் குறையும்போல இருக்கும்.

விண்டோஸை விட முடியாது. பரவாயில்லையா?

விண்டோஸ் 11இல், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக உபுண்டுவை உள்ளேயே வைக்கலாம். கற்றுக்கொள்ள அது போதும். யூஎஸ்பி வழியாக நிஜ சென்சாரை மாட்டும் கட்டத்தில்தான் கூடுதல் வேலை வைக்கும். அப்போது தனியாக உபுண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் தண்ணீர் மேல் ஓடும் தானியங்கிப் படகு செய்கிறோம். எது சரி?

ஆர்டுபைலட். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இது திறந்த மூல மென்பொருள். அதன் ரோவர் பிரிவில் படகு வகை உண்டு. அதனோடு சிட்டில் என்ற சிமுலேட்டர் வருகிறது. படகில் பொருத்தும் பிக்ஸ்ஹாக் கட்டுப்பாட்டு போர்டில் நாளை ஏற்றப்போகும் அதே நிரல்தான் இன்று உங்கள் லேப்டாப்பில் ஓடும். சிமுலேஷனுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று இரண்டு முறை எழுத வேண்டியதில்லை. சாதாரண லேப்டாப்பே தாங்கும்.

தொடங்கும் இடத்தை நாமே கொடுக்கலாம். மண்டபம் கரை என்றால் அட்சரேகை 9.28, தீர்க்கரேகை 79.12 பக்கம். ஆர்டுபைலட்டுக்குப் பாதை குறிக்கும் மிஷன் பிளானர் மென்பொருளில் நம் ஊர்க் கரையே வரைபடமாக வரும். பாசி மிதவை இருக்கும் இடத்தைத் தொட்டு வழிப்புள்ளி வைக்கலாம். அதைவிட முக்கியம், சிட்டிலின் படகில் அலைக்கும் நீரோட்டத்துக்கும் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. நீரோட்டத்தின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்றும், திசையைப் பாகையிலும் கொடுக்கலாம்.

அந்த மண்டபம் பையன்களுக்கு நாங்கள் போட்ட கணக்கு இதுதான். படகின் வேகம் ஓட்டமில்லாத தண்ணீரில் நொடிக்கு 1 மீட்டர். மிதவை 400 மீட்டர் தள்ளி. போய்த் திரும்ப 800 நொடி, அதாவது பதின்மூன்று நிமிடம் சொச்சம். பேட்டரியை இதற்குத்தான் வாங்கியிருந்தார்கள். இப்போது நொடிக்கு அரை மீட்டர் ஓட்டம் இருக்கிறது என்று வையுங்கள். ஓட்டத்தோடு போகும்போது வேகம் 1.5 ஆகிறது, 267 நொடியில் போய்விடும். எதிர்த்துத் திரும்பும்போது வேகம் அரை மீட்டர்தான், 800 நொடி. மொத்தம் 1067 நொடி, ஏறக்குறைய பதினெட்டு நிமிடம். "போகையில மிச்சம், வரையில நஷ்டம், ரெண்டும் சரியாப் போயிடும்" என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். சரியாகப் போகாது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் பேட்டரி வேண்டும், அதுவும் கடைசியில், படகு கரையை விட்டு விலகி நிற்கும் நேரத்தில். நம் அப்பா சித்தப்பாமார்களுக்கு இது தண்ணீர்பட்ட பாடு. ஓட்டம் பார்க்காமல் யாரும் வள்ளத்தை எடுப்பதில்லை. அவர்களிடம் கேட்டு அந்த எண்களைப் போடுங்கள். பாம்பன் கால்வாய்ப் பக்கம் ஓட்டம் இன்னும் வேகம் என்று அவர்களே சொல்வார்கள்.

கூடவே, ஜிபிஎஸ்ஸை நடுவழியில் அணைத்துப் பாருங்கள். ரிமோட் தொடர்பைத் துண்டித்துப் பாருங்கள். பேட்டரி இறங்கினால் படகு திரும்பி வருகிறதா, நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். சிட்டிலில் இதையெல்லாம் செய்ய ஒரு வரி போதும். கடலில் செய்து பார்த்தால் படகு போய்விடும்.

அலையில் படகு எப்படி ஆடுகிறது, அந்த ஆட்டத்தில் கேமரா என்ன பார்க்கிறது என்பது கேள்வியானால் விஆர்எக்ஸ் பாருங்கள். கெஸீபோவின் மேல் கட்டிய கடல்பரப்புச் சூழல் அது. அலையும் காற்றும் அதில் உண்டு. ஆனால் கூடவே வரும் படகு, இரட்டை மிதவையுள்ள பெரிய படகு. நம் மூன்றடிப் படகின் எடையையும் அளவையும் போட்டு மாற்றாமல் அதன் முடிவுகளை அறிக்கையில் எழுதக் கூடாது.

நீருக்குள் மூழ்கும் ரோபோவுக்கு?

ஆர்டுபைலட்டிலேயே ஆர்டுசப் என்ற பிரிவு உண்டு. அதையும் சிட்டிலில் ஓட்டலாம். இயற்பியலை நாமே கட்ட வேண்டும் என்றால் புதிய கெஸீபோவில் மிதப்பு விசை, நீர் எதிர்ப்பு, உந்து விசிறி மூன்றுக்கும் இணைப்புகள் கூடவே வருகின்றன. இணையத்தில் அதிகம் தென்படும் யூயூவி சிமுலேட்டர் பழைய கெஸீபோவுக்கானது. அதில் புதிதாக இறங்க வேண்டாம். சோனார் (ஒலியால் நீருக்கடியில் பார்க்கும் கருவி) ஆராய்ச்சி செய்பவர்கள் ஹோலோஓஷன், ஸ்டோன்ஃபிஷ் சிமுலேட்டர்களைப் பார்க்கலாம். ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு கேட்கும்.

இப்போது ஒரு எண்ணைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கெஸீபோ, வெபாட்ஸ் இரண்டிலும் நீரின் அடர்த்தி, நாம் எதுவும் சொல்லாவிட்டால், கன மீட்டருக்கு 1000 கிலோ. அது நல்ல தண்ணீர். கடல் தண்ணீர் சுமார் 1025. சின்ன வித்தியாசம்போலத் தெரியும். பத்து லிட்டர் கொள்ளளவுள்ள ரோபோ நல்ல தண்ணீரில் பத்து கிலோ எடையில் சமநிலையாக நிற்கும். அதையே கடலில் விட்டால் 250 கிராம் மேல்நோக்கித் தள்ளும். கால் கிலோ! கல்லூரித் தொட்டியில் அழகாக முழுகி நின்ற ரோபோ கரையில் கார்க்போல மிதந்துகொண்டிருந்ததையும், ஒரு பெண் ஓடிப்போய் பக்கத்து மீனவரிடம் தூண்டில் ஈயக்குண்டுகளை வாங்கிவந்து ஒன்றொன்றாகக் கட்டியதையும் பார்த்திருக்கிறேன். பத்து ஈயக்குண்டில் ரோபோ மெல்ல இறங்கியது. அந்த எண்ணை 1025 என்று மாற்றியிருந்தால் வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. சிமுலேட்டர் ரோபோ இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லும். அதை அப்படியே எடுத்து வழிகாட்டும் நிரலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தண்ணீருக்கு அடியில் ஜிபிஎஸ் எடுக்காது, வைஃபையும் சில சாண் ஆழத்துக்கு மேல் வராது. உங்கள் நிஜ ரோபோவில் இருப்பது அழுத்த சென்சாரும் திசைகாட்டியும்தான் என்றால், சிமுலேஷனிலும் அவை மட்டும்தான் நிரலுக்குக் கிடைக்க வேண்டும்.

மேட்லேப் இல்லாமல் முடியுமா?

மேட்லேப், கணக்குகளுக்கான கட்டண மென்பொருள். கல்லூரியில் உரிமம் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கட்டுப்பாட்டுக் கணக்குகளுக்கு அதன் சிமுலிங்க் பகுதி உண்மையிலேயே அருமை. இல்லையென்றால் ஆக்டேவ், சைலேப் இரண்டும் இலவசம். சைலேப்பில் எக்ஸ்காஸ் என்று சிமுலிங்க் மாதிரியே கட்டம் போட்டு வரையும் பகுதியும் இருக்கிறது. பைத்தானிலும் முக்கால்வாசி முடிந்துவிடும். திருட்டு உரிமம் மட்டும் வேண்டாம். அதோடு வரும் வைரஸ் தேர்வுக்கு முந்தின வாரம்தான் வேலையைக் காட்டும்.

ஐசக் சிம், முஜோகோ என்கிறார்களே?

இரண்டும் சிமுலேட்டர்கள்தான். ஐசக் சிம்முக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வகை கார்டும் 32 ஜிபி ரேமும் வேண்டும். நிஜம்போன்ற கேமராப் படங்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்படும்போது அதற்கு ஈடில்லை. முஜோகோ 2022இல் திறந்த மூலமானது. கால் ஊன்றி நடப்பது, விரலால் பிடிப்பது போன்ற தொடுகைக் கணக்குகளில் கெட்டி, சாதாரணக் கணினியிலும் ஓடும். ஆனால் உங்கள் தாளில் எழுதிய வரி இவற்றைக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டிரோன் புராஜெக்ட்?

மென்பொருள் பதில் படகுக்குச் சொன்னதேதான், ஆர்டுபைலட்டும் சிட்டிலும். ஆனால் நம் மாவட்டத்தில் உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது, சர்வதேசக் கடல் எல்லையும் பக்கம். டிரோன் விதிகள் 2021இன்படி எந்த இடம் எந்த மண்டலம் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்காமல் நிஜ டிரோனை மேலே ஏற்றாதீர்கள். பல குழுக்களுக்கு சிமுலேஷனோடு நிறுத்திக்கொள்வதே சரி.

எங்கள் ஊரில் நெட் மெதுவு. இத்தனை ஜிபியை எப்படி இறக்குவது?

ஒருவர் இறக்கினால் போதும். ராஸ், கெஸீபோ, உங்கள் நிரல் எல்லாவற்றையும் டாக்கர் படிமமாக (எந்தக் கணினியிலும் அப்படியே ஓடும் பொட்டலம்) ஒருமுறை கட்டுங்கள். டாக்கரின் 'சேவ்' கட்டளை அதை ஒரே கோப்பாக்கும், பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள், அடுத்தவர் 'லோட்' செய்துகொள்ளலாம். தொண்டியிலிருந்து வந்த ஒரு குழு இப்படித்தான் ஐந்து லேப்டாப்பிலும் ஒரே அமைப்பை வைத்திருந்தது. "என் மிஷின்ல ஓடுது, உன் மிஷின்ல ஓடலை" என்ற சண்டையே அவர்களுக்குள் வரவில்லை. கெஸீபோ சில மாடல்களை ஓடும்போது இணையத்திலிருந்து எடுக்கும். விளக்கம் கொடுக்கும் நாளுக்கு முன்பே அவற்றை ஒருமுறை திறந்து இறக்கிவைத்துவிடுங்கள்.

லேபில் எங்கள் ரோபோ தானாக ஓடுகிறது. பேயா?

பக்கத்து மேஜைக் குழு! ராஸ் 2 ஒரே வைஃபையில் இருக்கும் எல்லாரையும் தானாகக் கண்டுபிடித்துப் பேசும். அவர்கள் அனுப்பும் வேகக் கட்டளையை உங்கள் வண்டியும் கேட்டுவிடுகிறது. ராஸ் டொமைன் ஐடி என்ற எண்ணைக் குழுவுக்கு ஒன்றாக 0 முதல் 101க்குள் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் எல்லாருக்கும் 0தான்.

இதை வைத்துப் பிற்பாடு தொழில் செய்யலாமா?

ராஸ், கெஸீபோ, வெபாட்ஸ், முஜோகோ ஆகியவற்றுக்குத் தடையில்லை. கொப்பீலியாசிம்மின் கல்விப் பதிப்பும் மேட்லேப்பின் மாணவர் பதிப்பும் படிப்புக்கு மட்டும். ஆர்டுபைலட்டின் நிரலைத் திருத்தி விற்றால், திருத்திய நிரலை வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டும்.

தமிழில் படிக்க ஏதாவது?

மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ், பைத்தான், சைலேப் பாடங்கள் தமிழில் கிடைக்கின்றன, இலவசமாக. ராஸ் தொடங்கும் முன் அந்த லினக்ஸ் பாடங்களை முடித்துவிடுங்கள்.

சிமுலேஷனில் நன்றாக ஓடியது. எப்போது கடலில் இறக்கலாம்?

சிமுலேட்டருக்குத் தெரியாத சிலவற்றை நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பாக் நீரிணைப் பக்கத்துக் கடற்புல் அதற்குத் தெரியாது. விசிறியில் சுற்றிக்கொண்டால் மோட்டார் புகையும். விசிறிக்குக் கூண்டு போடுங்கள். கலங்கல் தண்ணீரில் கேமராவுக்குக் கை நீட்டும் தூரம்கூடத் தெரியாத நாள் உண்டு. சிமுலேட்டர் படமோ கண்ணாடித் தொட்டிபோல இருக்கும். தொடங்கும் முன் ஒரு நாள் போனைக் கண்ணாடி டப்பாவில் வைத்துத் தண்ணீருக்குள் படமெடுத்துப் பாருங்கள்.

பருவமும் பாருங்கள். ஆனி, ஆடியில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும்போது வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) குளம்போலக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கினால் தலைகீழ். மண்டபத்தில் இரண்டுக்கும் இடையே கொஞ்ச தூரம்தான். அந்த வசதி வேறு ஊர் மாணவர்களுக்குக் கிடையாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதியில்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. கரையில் இறக்குவதானாலும் ஊர்க்காரர்களுக்கும் மரைன் போலீஸுக்கும் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

இறக்கும் நாளில் எல்லா சென்சார் தரவையும் ராஸ் பேக் கோப்பில் பதியுங்கள். ஆர்டுபைலட் தானே பதிவு வைக்கும். மாலையில் அதைத் திரும்ப ஓட்டி, சிமுலேஷன் சொன்ன பாதையையும் கடலில் போன பாதையையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பாருங்கள். எங்கே விலகுகிறதோ அங்கே நீரோட்டத்தின் எண்ணையும் எதிர்ப்பின் எண்ணையும் திருத்தி மறுபடி ஓட்டுங்கள். வெளித் தேர்வாளர் எதைக் கேட்டாலும் அந்த இரண்டு கோடுகளைக் காட்டி விளக்கலாம்.

முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரில், ரோபோவுக்கு ஐம்பது அடி நைலான் கயிறு கட்டி இறக்குங்கள். கயிற்றின் மறுமுனை, நீச்சல் தெரிந்த ஒருவர் கையில் இருக்கட்டும்.